நுவர

"பத்து மணிக்கு நுவரைக்கு வந்துவிடுங்கள்,
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பேன்"
என்று ருவந்தி அனுப்பியிருந்தாள்.
கலஹா சந்தியில் வந்து நின்ற பஸ்ஸின் நெற்றியில்
தமிழ் வரியை ஒரு பிளாஸ்டிக் மாலை மறைத்திருக்க
சிங்களத்தில் முதல் மூன்று எழுத்தை
கூட்டிப் படித்தவள் நான்தான்.
நு. வ. ர.
வந்து ஏழு வாரம், அந்தப் பெருமை.
மிச்சத்தைப் படிப்பதற்குள்
கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

பேராதனையிலிருந்து கண்டி இருபது நிமிடம் என்றார்கள்.
நாற்பதாகியும் நகரம் வரவில்லை.
கம்பளை வந்தது.
பிறகு ஏற்றம், அப்புறம் இன்னும் ஏற்றம்.
காது அடைத்ததும் நாஹுலா என் முழங்கையைப் பிடித்தாள்.
அவள் தீவில் ஆக உயரமான பொருள்
பள்ளிவாசல் ஒலிபெருக்கி.
ஜன்னலில் நெற்றி பதித்து
கீழே எங்காவது கடல் தெரிகிறதா என்று தேடினாள்.
பிபேக் தாமாங் தூங்கினான்.
தேயிலைச் சரிவுக்கு ஒரு கண்ணைத் திறந்து
"இதையெல்லாம் எங்களூரில் மேடு என்போம்"
என்று மூடிக்கொண்டான்.

ரம்பொடை வளைவில்
அருவி முகத்தில் தெறித்தபோது ருவந்தி போனில் கிடைத்தாள்.
சொன்னேன்.
சிரித்தாள்.
என் போனில் காசு தீரும்வரை சிரித்தாள்.
அறுவதற்கு முன் காதில் விழுந்தது இவ்வளவுதான்:
நுவர என்றால் நகரம். எங்களுக்குக் கண்டிதான் நகரம்.
நீங்கள் போவது நுவரெலியா.
எளிய என்றால் வெளிச்சம்.

வெளிச்சம் என்று பெயர் வைத்த ஊரில்
பகல் ஒன்றரைக்கு
வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன.
பனிமூட்டத்துக்குள் எங்கள் ரப்பர் செருப்பு ஆறும்
ஒன்றையொன்று தேடி நடந்தன.
விருதுநகர்க்காரிக்குக் குளிர் என்றால்
பேங்க் ஏ.சி. மட்டும்தான்.
ஆனால் முதலில் பல் அடித்தது
மேட்டுக்காரன் பிபேக்குக்கு.

சந்தையில் ஸ்வெட்டர் மலை.
"என்னண்ணே, இவ்ளோ சொல்றீங்க" என்றேன்.
மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.
"இந்தியாவா?"
"ஆமா."
"நானும்தான்."
"எந்த ஊரு?"
"லபுக்கலை."
விழித்தேன்.
நிரோசன் என்று பேர், என் வயதுதான் இருக்கும்.
பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில்
இந்தியத் தமிழர் என்று எழுதியிருக்கிறதாம்.
"கொழும்பு ஏர்போர்ட்டையே நான் கண்டதில்ல.
உங்க பேப்பர்ல என்ன போட்டிருக்கு?"
யோசித்தேன். பாஸ்போர்ட்டில் இந்தியர்.
தமிழர் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.
"அப்ப ரெண்டையும் ஒட்டினாத்தான் ஒரு ஆள் வரும்"
என்று சிரித்தான்.
விலையில் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மூன்று பேருக்கு இரண்டு ஸ்வெட்டர்.
ஆளுக்கு இருபது நிமிடம், கணக்கு நாஹுலாவிடம்.
இளஞ்சிவப்புத் தபாலகத்தை
அவள் ஸ்வெட்டர் இல்லாமல் பார்த்தாள்.
நடுத்தெருவில் ஒரு மட்டக்குதிரை
கேரட் இலையைத் தின்று
காருக்கு வழிவிடாமல் நின்றதை நான்.
ஏரியைப் பார்க்க முடியவில்லை.
எங்கள் கால் நனைந்ததால் அங்கே ஏரி இருந்தது.
நாஹுலா குனிந்து விரலை நனைத்து நக்கி
"உப்பே இல்லை" என்றாள்,
யாரோ சமைக்கத் தெரியாதவர் மேல் குறை சொல்வதுபோல.

திரும்ப வந்து நின்றால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்
"நுவர நுவர நுவர" என்று கத்துகிறார்.
மூவரும் ஓரடி பின்வாங்கினோம்.
"கொயி நுவரத?"
எந்த நுவர என்று ஏழு வாரச் சிங்களத்தில் கேட்டேன்.
படியில் தொங்கியவர்கள் சிரித்தார்கள்.
அவர் என்னை ஒருகணம் பார்த்தார்.
இதற்கெல்லாம் என்ன பதில் இருக்கிறது என்பதுபோல்
"நுவர" என்றார்.

ஏறினோம். ஸ்வெட்டர் என் முறை.
பிடரியில் ஏதோ குத்திக்கொண்டே வந்தது.
கம்பளை தாண்டிக் கழற்றிப் பார்த்தேன்.
எந்த நாட்டில் தைத்தது என்று சொல்லும் துணிச்சீட்டை
பாதியில் கத்தரித்திருந்தார்கள்.