பனிக்காலத்துக்கு வாடகை

தண்ணீர்மலைத் தோட்டத்தில்
எண் 417, தொட்டி மேப்பிள்.
முழங்கால் உயரம், ஐந்து விரல் இலை.
கொடுத்துவிட்டுப் போனவர்
ஓர் அட்டவணையும் வைத்துவிட்டுப் போனார்:
வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்.
நிரப்ப வேண்டியவள் நான்.

ஆறு பருவம் தெரியும் எனக்கு.
கார் கூதிர் முன்பனி பின்பனி என்று
தமிழ்ப்பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்து
பென்சில் பெட்டி வாங்கியவள்.
ஜன்னலுக்கு வெளியே அன்றும்
மழை, வெயில், மழை.
அப்புறம் டுரியான்.
சில வருடம் புகைமூட்டம்.

முதல் வருடம் அது தூங்கவே இல்லை.
ஓர் இலை கருகும் முன்னே அடுத்தது,
ஓரமெல்லாம் காய்ந்து.
"ராத்திரி ஷிப்ட் முடியாத ஆள் மாதிரி நிக்குது"
என்றார் தண்ணீர் ஊற்றும் சாந்தப்பன்.
"குளிர் வேணும்னா காசு குடுத்துத்தான் வாங்கணும்."

நவம்பரில்
கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகக் கிள்ளினார்.
இருபத்தைந்து நிமிடம் நீடித்தது
பினாங்கின் இலையுதிர்காலம்.
எல்லாம் பச்சையாகவே விழுந்தன.

ஜெலுத்தோங்கில் மீன் வைக்கும் குளிரறை.
மாதம் அறுபது வெள்ளி.
"மரத்துக்கா?" என்று இருமுறை கேட்டார் ஆ செங்.
இறால் பெட்டிக்கும் வாவல் பெட்டிக்கும் நடுவில்
கோணி போர்த்தி வைத்தோம்.

வாரம் ஒருமுறை ஈரம் பார்க்கப் போவேன்.
கதவு சாத்திக்கொள்ளும்.
என் மூச்சை அங்கேதான்
முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.
நாற்பத்தோரு வயது.
இன்னொரு முறை ஊதிப் பார்த்தேன்.
இன்னொரு முறை.
குச்சியாய் நின்ற அது
உயிரோடுதான் இருக்கிறதா என்று
கேட்க மறந்து திரும்பினேன்.

தைப்பூசம் முடிந்த திங்கட்கிழமை
சிதறிய தேங்காய் ஓடுகளின் மேல்
வேன் நொறுக்கிக்கொண்டு வர
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
மீன் வாடையோடு வந்தது வசந்தம்:
எறும்புத் தலை அளவில், சிவப்பாய்,
ஒன்பது மொட்டு.
மறுநாள் ஏழு.
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்கு
வேலிமேல் உட்கார்ந்து
மென்றுகொண்டிருந்தது.

அட்டவணையை முடித்தேன்.
இலையுதிர்காலம்: சாந்தப்பன்.
குளிர்காலம்: ஜெலுத்தோங், ரசீது இணைப்பு.
கோடைக்குக் கட்டம் போதாமல்
பின்பக்கமும் எழுதினேன்.

ரசீதைக் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது,
சிவப்பு மையில் ஒரு கேள்வியோடு:
என்ன மீன்?