உமியின் ஆழம்

ஒன்பது வருஷமாய் இந்த மைதானத்தைப் பெருக்குகிறேன்,
ஒரு கோலும் பார்த்ததில்லை.
விளக்குகள் பாதி அணைந்தபிறகுதான்
எனக்கும் பென்காவுக்கும் ஆளுக்கொரு துடைப்பமும்
நாற்பது கறுப்புப் பைகளும் தருவார்கள்.
வார்னாவின் கடல்காற்று அந்நேரம்
டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்து
காலியிடமெல்லாம் உட்கார்ந்து பார்க்கும்.

மேற்கு கேலரிக்குக் கூரை உண்டு, மெத்தை உண்டு.
காகிதக் கோப்பைகளில் கால்வாசிக் காப்பி.
சூரியகாந்தி விதையை அங்கே கொறிப்பவர் சிலர்தான்,
கொறித்தாலும் தோலைக் கைக்குட்டைக்குள் துப்பிவிடுவார்கள்.
எண்பதாம் நிமிடத்தில் எழுந்துகொள்வார்கள்,
கார் எடுக்க நெரிசலாம்.
இன்று யாரோ மூக்குக்கண்ணாடியை விட்டுப் போயிருக்கிறார்.
கடைசிப் பத்து நிமிடம்
அவருக்குத் தேவைப்படவில்லை போலும்.

கிழக்கு, குடும்பங்களின் பக்கம்.
பாதி தின்ற வாழைப்பழம், ஒற்றைக் காலுறை,
கணுக்கால் மூழ்கும் உமி.
உமி கிடக்கும் விதம் பார்த்து நான் கணக்குச் சொல்வேன்.
பென்கா பந்தயம் கட்டுவாள், தோற்பாள், மறுவாரமும் கட்டுவாள்.
சப்பென்று போன ஆட்டமென்றால்
இரண்டு செருப்புக்கும் நடுவே
கூம்பு கட்டி நிற்கும்.
வயிற்றைக் கலக்கிய ஆட்டமென்றால்
பல் படாத முழு விதையும் சேர்ந்தே கிடக்கும்.
கோல் விழுந்தால்
ஒரு வரிசையின் உமி
இரண்டு வரிசை தாண்டிச் சிதறும்.
இன்று சிதறலும் இருந்தது.
சிதறலுக்கு மேலே
மூடாத பொட்டலங்கள், கைதவறியவை,
பாதியில் நின்றுபோன கொறிப்பு.
"ஒன்றுக்கு ஒன்று" என்றேன்,
"கடைசியில் கோட்டை விட்டிருக்கிறார்கள்."
பென்கா காவலாளி த்ராகோமிரைக் கூவி அழைத்துக் கேட்டாள்.
தொண்ணூற்று மூன்றாம் நிமிடமாம்.
இரண்டு லெவா எனக்கு.

வடக்கு வளைவில் நாற்காலி நிற்பதற்குத்தான்.
உட்காரும் இடமெல்லாம் செருப்புத் தடம்.
கிழித்தெறிந்த காகிதம் மூட்டை மூட்டையாய்,
புகைக்குழாயின் கரி, முறிந்த முரசுக்கோல்,
தொண்டை மிட்டாயின் உறைகள்.
உமி குறைவு: பாடுகிற வாய் எதைக் கொறிக்கும்?
ஒரு தடவை முன்பல் ஒன்று கிடைத்தது.
மறுநாள் அதன் சொந்தக்காரர் வந்து
சிரிக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ஜெயித்த ஆட்டம் அது, த்ராகோமிர் சொன்னார்.

தெற்கு மூலை மிச்சமிருந்தது.
"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.
பென்கா முதுகுவலிக்காரி,
ஏன் என்று கேட்கவில்லை.

கம்பிவலை போட்ட கூண்டு அது.
கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராது,
நிர்வாகத்துக்கும் தெரியும்.
இருநூறு பேர், பெர்னிக்கிலிருந்து,
ஏழு மணிநேரம் பஸ்ஸில்,
சுரங்கத்து ராத்திரி வேலை முடிந்து
அப்படியே ஏறியவர்களும் இருப்பார்கள்.
ஆட்டம் முடிந்தும் ஒருமணி நேரம்
போலீஸ் அவர்களை வெளியே விடாது.
அந்த ஒருமணி நேரத்தில்
அவர்கள் தங்கள் வரிசையைத் தாங்களே கூட்டியிருந்தார்கள்.
எதைக் கொண்டு? சட்டை அட்டையா, கொடித்துணியா,
உமி மூலையில் ஒரே குவியலாய் இருந்தது.

ஒரு நாற்காலி முதுகில் சாவியால் கீறிய எழுத்து:
"நாங்க வந்திருந்தோம்."
வார்னாக்காரர் இப்படிச் சொல்லமாட்டார்.
வினையின் வாலை இழுத்து மடக்கும் அந்தப் பேச்சு
மலைக்கு அந்தப் பக்கத்தது.
கல்யாணமாகி வந்த முதல் வருஷம்
காய்கறிக் கடையில் எல்லோரும் சிரித்த பேச்சு.
பிறகு நான் திருத்திக்கொண்டேன்.
பென்காவுக்குக்கூடத் தெரியாது.

கீறல்களை ஆபீசில் சொல்லவேண்டும், அது விதி.
சொல்வேனோ என்னவோ.

நாற்காலிக்கடியில் ஒரு காகிதக் கூம்பு,
ரயில்நிலையத்து வாசல் கடையின் பச்சை முத்திரை,
அடியில் ஒரு பிடி விதை.
அங்கே உப்பு எப்போதும் தூக்கல்.
உட்கார்ந்தேன்.
இந்த மைதானத்தில் நான் உட்கார்ந்தது
இதுதான் முதல்முறை.
வலைக்கு அப்பால் புல்
கண்ணில் பட்டது, வெறும் பச்சையாய்.
யார் எந்தப் பக்கம் கோல் அடித்தார்களோ.

"ஸ்னெஜானா, முடிந்ததா?" வடக்கிலிருந்து பென்கா.
"இதோ" என்று கத்தினேன்,
வாய் நிறைய விதை.

எழுந்து பார்த்தால்
செருப்புக்கு நடுவே ஒரு சின்னக் கூம்பு.
அதையும் பெருக்கினேன்.