இரண்டு பாகை இடைவெளி

உவர்மலையில் முப்பத்திமூன்று பாகை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பற்றவைக்கிறேன்;
ஈயம் இறுகுமுன் வியர்வை சொட்டக்கூடாது.

வதனியின் நோர்வே ஹீட்டருக்கு ஒரு தெர்மோஸ்டாட்.
சோதிக்கக் குளிருக்கு எங்கே போக?
சூரைப் பெட்டியில் ஒரு கை ஐஸ் கேட்டேன்.
"அண்ணை, மீன் வேண்டாமோ?" என்றான் றெஜினோல்ட்.
சூட்டுக்குக் கன்னியா. ஏழு கிணற்றிலும்
வயரை இறக்கினேன்,
ஏழும் ஏழு கணக்கு.

பத்தொன்பதில் மூட்டு, இருபத்தொன்றில் அணை.
நடுவில் சும்மா இருக்கப் பழக்காவிட்டால்
ரிலே பல்லிமாதிரி
இரவெல்லாம் சொல்லும்.

காணி உறுதிச் சண்டைக்குப் பிறகு
வதனியும் நானும்
ஞாயிறுகளில் மட்டும் கதைப்போம்.

இன்று புதன்.
"பத்தொன்பது" என்றாள்.
பின்னால் டிக் என்று கேட்டது.
"வேலை செய்யுதே!"
"ஓம். சும்மாதான் எடுத்தனான்."

விசிறியைப் போடாமல்
கேட்டுக்கொண்டிருந்தேன்.