போக மட்டும் கட்டணம்

புதன், பிற்பகல் இரண்டரை மணி,
பினாங்கு, லைட் ஸ்திரீட் நீதிமன்றம்.
வக்கீல் மிஸ் ஓங் சொன்னது இவ்வளவுதான்.
எப்படி வந்து சேர்வதென்று
வக்கீல்கள் சொல்வதில்லை.

அங்கே பதிந்ததை அங்கேதான் அழிக்க வேண்டுமென்று
சட்டம் ஒன்றும் இல்லை.
சந்திரகாசனின் பிடிவாதம்.

செந்தூல், பன்னிரண்டாவது மாடி.
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
கோடு கிழித்துக் கணக்குப் போடுகிறேன்.

விமானம் ஒரு மணி நேரம் என்கிறார்கள்.
விமான நிலையம் போக ஒன்றேகால்,
வரிசையில் நிற்க, கைப்பையைத் திறந்து காட்ட,
கதவு மாறிவிட்டதென்று மறுகோடிக்கு ஓட,
இறங்கியபின் பயான் லெப்பாசிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வர
ஆகமொத்தம் நாலரை.
மேகம் மட்டும் மிச்சம்.

பேருந்து நாற்பது வெள்ளி.
தாப்பாவில் நிற்கும். கழிவறைக்குச் சில்லறை வேண்டும்.
குளிர்சாதனம் நேராக நெற்றிப்பொட்டில் அடிக்கும்,
திருப்பிவிடும் மூடி எப்போதோ உடைந்திருக்கும்.
பக்கத்து இருக்கைக்காரர்
ஈப்போ தாண்டுவதற்குள் கேட்டுவிடுவார்,
பினாங்கில் யார் இருக்கிறார்கள் என்று.

காடி:
என் பெயரில் இருக்கிறது.
சாவி அவரிடம்.
அது வழக்கின் நாலாவது பத்தி.

ரயில் என்று எழுதிவிட்டுப்
பேனாவை வைத்திருந்தேன்.
இரவு பத்து நாற்பதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

“ரயிலே எடு. பஸ்ஸில் உனக்கு வாந்தி வரும்.
சன்னலோரம் கேள். புக்கிட் மேராவில்
தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஏரி.
பட்டர்வொர்த்தில் மேம்பாலத்தோடு நடந்தால் பெர்ரி.
டாக்சிக்காரன் பேச்சைக் கேட்டு ஏறிவிடாதே.”

பத்தொன்பது வருடம்.
வழி சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.
பிரசவ வார்டுக்கு எந்த லிப்ட் சீக்கிரம் என்று
போனில் சொன்னவர்.
வந்து சேர்ந்தது மறுநாள் மதியம்.

*

சன்னலோரம் கிடைத்தது.
ஏரி வந்தபோது நான் தூங்கிப்போயிருந்தேன்.

பெர்ரியில் எஞ்சின் சூடு, டீசல் வாடை,
எதிரே மெல்லப் பெரிதாகும் கரை.
தெற்கே தூரத்தில், பென்சிலால் இழுத்துப் பாதி அழித்ததுபோல்
பாலம்.
அதில் நகரும் புள்ளிகளில் ஒன்று
என் பெயரில் இருக்கும் காடியாக இருக்கலாம்.
அங்கே தீவுக்குப் போகத்தான் டோல்.
திரும்பி வர யாரும் காசு கேட்பதில்லை.
கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்:
பாரு, இவனுங்களுக்கு நாம போறதுதான் பிடிக்கும்.
எனக்கு அப்போதே கணக்கு இடித்தது.

நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார்.
பன்னிரண்டு நிமிடம்.
இதற்கா இத்தனை கிலோமீட்டர்?

வாசலில் குடையை விரித்தபடி
“திரும்ப எப்படி?” என்றார்.
“காடியில் இடம் இருக்கு” என்றார்.
பிறகு அது யாருடைய காடி என்பது ஞாபகம் வந்து
மழையைப் பார்த்தார்.
சாவியை என் கையில் வைத்தார்.
வளையத்தில் இன்னும் அந்தப் பிளாஸ்டிக் மீன்.

“எனக்கு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழக்கமில்லை.”
“தெரியும். தாப்பா வரை இடப்பக்கத் தடத்திலேயே போ.”
பேருந்து நிலையம் நோக்கி நடந்தார்.
நாற்பது வெள்ளி, சில்லறை, நெற்றியில் குளிர்.

நான் உடனே கிளம்பவில்லை.
பிராங்கின் கால்வாய் வரை நடந்தேன்.
நாங்கள் முதன்முதல் எடுத்த அறை
அதன் மேல்தான் இருந்தது, கடைக்குப் பின்னால்.
அப்போது தண்ணீர் கறுப்பு. சன்னலைத் திறக்கவே மாட்டோம்.
இப்போது கரைகட்டிச் சுத்தம் செய்து
மீன் விட்டிருக்கிறார்கள்.
ஒரு சிறுவன் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பையில் ரசீது தட்டுப்பட்டது.
போவதற்கு நாலு வழி,
நேரம், வெள்ளி எல்லாம் எழுதியிருந்தேன்.
வருவதற்கு ஒரு வரிகூட இல்லை.

மழை விட்டிருந்தது.
காடியைத் தேடிப்போய்
ஓட்டுநர் இருக்கையை
முன்னுக்கு இழுத்தேன்.