லோம்விக்கின் பாக்கி

கப்பல் இங்கே நிற்பது நாற்பது நிமிடம்.
தபால் பை இறங்கும், மாவுப் பொட்டலங்கள் இறங்கும்,
எப்போதாவது ஒரு சைக்கிள்.
ஏறுவதற்கு அநேகமாக ஆளில்லை.

ஒன்பதாம் எண் வீட்டுக்கு அடுத்த வீடு
எழுபத்து மூன்று.
இடையில் புல், வாசற்கற்கள், ஒரு செம்மறியாடு.
எண்களைச் சீராக்கச் சொன்ன அதிகாரியிடம்
தபால்காரி ஓட்லாவுக் கேட்டாள்:
"பழைய எண்ணுக்குத் தபால் வந்தால்?"

சூரியன் படுக்கப் போகாத மாதத்தில்
ருஷ்யப் பாய்மரங்கள் வரிசைகட்டிய துறை இது.
மாவு இறங்கும், மீன் ஏறும்,
தராசுத் தட்டுக்குத் தூக்கமே இல்லை.
இருகரையும் கலந்து பேசிய அரைகுறை மொழியில்
மீனுக்கு ஆறு சொல், வசவுக்குப் பதினாறு,
கடனுக்கு ஒன்றே ஒன்று.

பதினான்கின் கோடையில்
கப்பலோட்டி திமோஃபேய்
நாற்பது மூட்டை மாவை இறக்கிவிட்டு
மீனை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்கிறேன் என்று போனான்.
அடுத்த வருஷம் போர்.
அப்புறம் அவன் நாடே வேறு நாடானது.
எல்லையில் கம்பி முளைத்தது.
மாவை ஊர் தின்று முடித்திருந்தது.

நாற்பத்து நான்கில்
பின்வாங்கிய படை ஊரைக் கொளுத்தியது.
எண் நாற்பத்தொன்று, பெர்தேயுஸ் கடை.
அவசரத்தில் யாரோ கணக்கேட்டை
இரும்படுப்புக்குள் திணித்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.
ஊரே அடுப்பானபோது
அடுப்புக்குள் இருந்தது மட்டும் எரியவில்லை.

குகைகளிலும் படகுகளிலும் பனிக்காலத்தைத் தள்ளித்
திரும்பியவர்கள் கட்டியது பத்தொன்பது வீடு.
தன் எண்ணை எவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
ஏடு தபால் நிலைய அலமாரியில் கிடந்தது,
பூனை அதன்மேல் படுத்தது.

தொண்ணூற்று மூன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை,
வெள்ளைக்கடல் முத்திரையோடு ஓர் உறை:
லோம்விக், எண் நாற்பத்தொன்று.
அனுப்பியவள் ஒரு திமோஃபேயெவா.

ஓட்லாவுக் அதை எடை போட்டாள், வழக்கப்படி.
இருபத்திரண்டு கிராம்.
தலை போதவில்லை.
மீதியைப் பெறுபவர் கட்டவேண்டும், நான்கு குரோனர்.

பெறுபவர் புல்.
தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு
ஏட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.
ஆறு மூட்டைக்கு எதிரே
தன் வீட்டுப் பெயர்.

உறையைப் பிரிக்கவில்லை. பிரித்தாலும்
அந்த எழுத்தைப் படிக்க இந்தக் கரையில் ஆளில்லை.
கப்பல் கிளம்பப் பதினைந்து நிமிடம் இருந்தது.
மழை தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு
நல்ல கருவாடு யார் வீட்டில் இருக்கும் என்று
கேட்கப் போனாள், முதலில் எழுபத்து மூன்றில்.