பாதுகாப்பு கருதி

எண்ணூர் விரைவுச் சாலை, ராத்திரி பதினொன்றரை.
சாவியோடு நின்ற யாரோ ஒருவரின் ஸ்கூட்டர்.
ரித்விக் ஓட்டினான்.
மோனிஷா நடுவில்.
எபினேசர் கடைசியில், ஒரு கால் தொங்க.
மூவருக்கும் பதினாறு.
திருச்சினாங்குப்பம் திருப்பத்தில் போலீஸ் கை காட்டியபோது
மூவர் மேலும் ஒரே மழை.

நான் தட்டச்சு. ஒப்பந்த வேலை,
பதினோரு மாசத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.
நன்னடத்தை அலுவலர் சொல்லச் சொல்ல
சமூகப் பின்னணி அறிக்கையை நிரப்ப வேண்டும்.
கட்டங்கள் சின்னவை.
ஒரு குடும்பம் அதற்குள் கால் மடக்கி உட்கார வேண்டும்.

ரித்விக். மாதவரம், பதினாலாவது மாடி.
அப்பா மஸ்கட்டில். அம்மா பெங்களூரில்,
வாரக் கடைசியில் வருவார்.
சமைக்கிற அம்மா ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார்.
"பெற்றோர் கண்காணிப்பு, உண்டுன்னு போடும்மா.
படிச்ச குடும்பம்."
போட்டேன்.

எபினேசர். கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட் ஓரம்.
அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி.
அம்மா ரெண்டரை மணிக்குக் காசிமேடு போய்
ஏலத்தில் ஒரு கூடை சங்கரா எடுத்துப் போட்டு
ஏழரைக்குத் திரும்பி வந்து அவனை உதைத்து எழுப்பி
இட்லி வாங்கிக் கொடுத்து
பள்ளிக்கூட கேட் வரைக்கும் பின்னாலேயே போகிறவள்.
இதையெல்லாம் அந்த அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே
அலுவலர் பேனாவை மூடிவிட்டார்.
கொருக்குப்பேட்டை என்ற சொல்லிலேயே மூடியிருந்தார்.
"கண்காணிப்பு, இல்லை."

மோனிஷாவுக்குக் கட்டம் போதவில்லை.
தனித்தாள் வைத்தோம்.
அந்த நேரத்தில் ஏன் வெளியே?
ரெண்டு பேரில் எவன்?
எத்தனை நாளாக?
ஃபோன் யார் வாங்கித் தந்தது?
கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதி?
வண்டியைப் பற்றி
ஒரே ஒரு கேள்விகூட அவளிடம் யாரும் கேட்கவில்லை.
அவளாகத்தான் சொன்னாள்,
"பெட்ரோல் கூட இல்லக்கா அதுல,
பாதி தூரம் தள்ளிக்கினு தான் போனோம்."
அதற்குக் கட்டம் இல்லை.

ரித்விக்குக்கு மறுநாள் மதியம் கார் வந்தது.
எபி பதினெட்டு நாள்.
மோனிஷா நாற்பத்தொரு நாள்,
"பாதுகாப்பு கருதி."
அதை அடித்தது என் விரல்தான்.
அந்த ரெண்டு சொல்லுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டென்று
அடிக்கும்போது தெரியவில்லை.
இல்லை, தெரியும்.

அலுவலர் நல்ல மனிதர்.
சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் மாவடு வைப்பார்.
எபியின் அம்மாவுக்குத் திரும்பிப் போக
பஸ் காசு கொடுத்தவரும் அவர்தான்.
கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால்
இதை எழுதுவது சுலபம்.

பன்னிரண்டாம் நாள்
மறு அறிக்கை கேட்டு குழுமத்திலிருந்து தாள் வந்தது.
ரித்விக்கின் பத்தியை அப்படியே எடுத்து
மற்ற ரெண்டு பேர் தாளிலும் ஒட்டினேன்.
"வயதுக்கே உரிய துடுக்குத்தனம்.
படிப்பு பாதிக்கப்படும்.
வீட்டுக்கு அனுப்பப் பரிந்துரைக்கப்படுகிறது."

படித்தார். சிரித்தார்.
"காப்பி பண்றப்போ பேரு மாறிடுச்சு பாரும்மா."
"பேரு மட்டும்தான் சார் மாறியிருக்கு."

மின்விசிறி மூன்று சுற்று சுற்றியிருக்கும்.
கண்ணாடியைக் கழற்றினார்.
கோபமே இல்லாத குரலில், ஏதோ ஞாபகம் வந்தவர் போல,
"ஆமா, நீ எந்த ஏரியாம்மா?"

என் வங்கிப் புத்தகத்தில் அண்ணி வீட்டு விலாசம்.
இந்த வேலைக்கு மனு போட்ட நாளிலிருந்து
காகிதத்தில் நான் பாலத்துக்கு அந்தப்பக்கம் குடியிருக்கிறேன்.
ராத்திரி தூங்குவது வியாசர்பாடியில்.
சுவர்க் காலண்டரில்
புதுப்பிக்கும் தேதியைச் சுற்றி என் சிவப்பு வட்டம்.

"பெரம்பூர், சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு
ரெண்டு தாளையும் என் பக்கம் தள்ளினார்.
பழையபடி அடித்தேன்.

எபிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.
அவளுக்கு இருபத்தொன்பது.