துரு போக மிச்சம்

ஆட்டுக்கொட்டகையின் பின்சுவரோடு
பதினேழு குளிர்காலம் நின்றிருந்தது.
அர்ன்கிரீமுர் விலை சொல்லவில்லை.
"இழுத்துக்கொண்டு போனால் எனக்கு இடம் மிச்சம்."
நான்தான் வற்புறுத்திப் பணம் கொடுத்தேன்,
ரசீதும் கேட்டு வாங்கினேன்.
நாற்பத்தொரு வயதில்
என் பெயரில் எழுதப்பட்ட முதல் வண்டி.
அதற்குமுன் ஒரு சைக்கிள், அதுவும் அண்ணனுடையது.

ரஷ்ய ஜீப். ஐம்பத்தெட்டாம் வருடத்தது.
ஐஸ்லாந்திலிருந்து உப்புமீன் பீப்பாய்கள் கப்பலேறிப் போக
ஈடாய் வந்திறங்கியவற்றில் ஒன்று.
கடல் கொடுத்த கடனைக்
கடற்காற்று வட்டியோடு வசூலித்திருந்தது.

முதல் சனிக்கிழமை
ஸ்க்ரூடிரைவரின் நுனியால் சட்டத்தைத் தட்டினேன்,
விருந்தாளி கதவைத் தட்டுகிற பக்குவத்தில்.
உள்ளே வா என்றது இரும்பு.
கைப்பிடிவரை இறங்கிவிட்டது.

துருவைத் துருவினால் அடியில் துரு.
அதையும் துருவினால்
கொட்டகைத் தரை தெரிகிறது.

பொஷேனா வந்து பார்த்தாள்.
மீன் ஆலையில் என் எதிர்மேசை,
போலந்தில் கப்பல் பட்டறை வெல்டர்.
வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
"இதில் வண்டி எது துரு எது என்று
பிரித்து வை. பிறகு கூப்பிடு."

பிரித்தேன்.
ஒரு நட்டுக்கு ஒரு மாலை.
எண்ணெய் விட்டு, காத்திருந்து, சூடு காட்டி,
கெஞ்சி, கெட்டவார்த்தை சொல்லி,
கடைசியில் போல்ட்டின் தலை மட்டும்
முறிந்து கையோடு வரும்.
தலைகளையெல்லாம் ஒரு தயிர் டப்பாவில் போட்டேன்.
நிறைந்ததும் இன்னொரு டப்பா.

தரைத்தகட்டின் மடிப்புக்குள்
வைக்கோல், ஆட்டு ரோமம், ஒற்றைக் கையுறை.
கதவுக் கொண்டிக்குப் பதிலாய் ஒரு பின்னல் ஊசி.
ஓட்டுகிறவர் காலடியில் ஓர் ஒட்டு:
மீன் டப்பாவின் மூடி,
பதினொரு ரிவெட், அளவெடுத்து அடித்தது.
மூடி அப்படியே இருந்தது,
அது பிடித்துக்கொண்டிருந்த தகடுதான் இற்றுப்போயிருந்தது.
யார் கைவேலை என்று
அர்ன்கிரீமுருக்கும் தெரியவில்லை.
வீசிவிடு என்றாள் பொஷேனா.
சரி என்றேன். வீசவில்லை.

முகப்பு மானிகளில் ரஷ்ய எழுத்து.
பள்ளியில் கட்டாயமாய்ப் படித்து
மறந்துவிட்டதாய் நினைத்திருந்ததை
அவள் முகம் சுளித்து வாசித்தாள்:
தண்ணீர். எண்ணெய்.
இரண்டு முள்ளும் பூஜ்யத்தில்.

நவம்பரில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன்
எங்கள் ஃபியோர்டுக்குத் திரும்புவது பிப்ரவரியில்தான்.
அன்று வீட்டுக்கு வீடு காபியும் பான்கேக்கும்.
என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.
நான் வண்டிக்கடியில் மல்லாந்திருந்தேன்,
பிரேக் குழாயின் மறை
ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.
சட்டென்று இடது கண் கூசியது.
திறந்த கொட்டகைக் கதவு வழியாக,
பக்கத்தகட்டில் இன்னும் அடைக்காத ஓட்டை வழியாக
ஒரு விரல் அகலத்துக்கு வெயில்.
நான்கு நிமிடம் இருந்தது.
எழுந்து வெளியே போயிருக்கலாம்.
போகவில்லை.
மறுநாள் பொஷேனா அந்த ஓட்டையையும் அடைத்தாள்.

மே மாதம் என்ஜின் பேசியது.
கம்பியைச் செருகிச் சுழற்றச் சுழற்ற
தோள்பட்டை கழன்றுவிடும் என்றிருந்தபோது
ஒருமுறை இருமி,
கரிப்புகை கக்கி,
ஊர் நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டது.
பொஷேனா கைதட்டவில்லை.
"பிரேக்?" என்றாள்.
"பார்த்துவிட்டேன்" என்றேன்.
இருபது மீட்டர் போய்
வைக்கோல் உருளையில் முட்டி நின்றோம்.
அவள் திட்டியது போலிஷ் மொழியில் இல்லை.
பள்ளிப்பாடம் முழுக்க நினைவு வந்துவிட்டது போலிருந்தது.

ஆய்வு அலுவலகப் படிவத்தில்
முந்தைய உரிமையாளர்கள் என்று ஒரு கட்டம்.
ரிவெட் அடித்த கையை
எந்த எண்ணில் சேர்ப்பது?
"பலர்" என்று எழுதினேன்.
அடுத்த கட்டத்தில், கொட்டை எழுத்தில்,
ஸ்டைன்வோர்.

மழை பெய்தால்
இடது முழங்காலில் சொட்டுகிறது.
எந்த இடுக்கு என்று
இன்னும் பிடிபடவில்லை.